பரேல் ஆஸ்பத்திரியும் பேசாத பிரஷரும்

"பிரஷர் ஏறினா எனக்கே தெரிஞ்சிடும் சார். பிடரியில ஒரு கனம் வரும், கண்ணு லேசா எரியும். அன்னிக்கு மட்டும் மாத்திரை போட்டுப்பேன்."

இதைச் சொல்லாத பம்பாய்த் தமிழரை நான் இன்னும் சந்திக்கவில்லை. கொஞ்சம் மிகைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொஞ்சம்தான். தாராவி 90 அடி ரோட்டில் தோல் பை கடை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி சொல்வார். மாட்டுங்காவில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மல்லிகைப்பூ பேரம் பேசிக்கொண்டே, வங்கியில் ஓய்வு பெற்ற மாமா சொல்வார். செம்பூர் செட்டா நகர் முருகன் கோவில் படியேறி மூச்சு வாங்கிக்கொண்டே என் தூரத்துச் சித்தப்பா சொல்வார். ஊரில் தனியாக இருக்கும் நம் அப்பாக்கள் ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்வதும் இதன் சுருக்கம்தான்: "எனக்கு ஒண்ணும் இல்லப்பா, நல்லா இருக்கேன்."

உடம்பு சொல்வதைக் கேள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நல்ல அறிவுரைதான். பசி, தூக்கம், முதுகுவலி, பல்வலி என்று எத்தனையோ விஷயத்தில் உடம்பு நம்மிடம் நேராகப் பேசும். ஆனால் ரத்தக்கொதிப்பு என்கிற ஆசாமி அப்படியில்லை. பத்து வருஷம் வீட்டுக்குள் குடியிருந்தாலும் ஒரு சத்தம் போடமாட்டார். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது.

இந்தப் பேசாத நோயை வைத்துக்கொண்டு, மனசும் உடம்பும் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று பாதரசக் குழாயில் அளந்து பார்த்த இரண்டு முக்கியமான வேலைகள் நம் பம்பாயில்தான் நடந்தன. இரண்டுமே ஒரே ஆஸ்பத்திரியோடு சம்பந்தப்பட்டவை. மாட்டுங்காவில் ரயில் ஏறினால் தாதர், அடுத்தது பரேல். இறங்கி நடந்தால் கே.இ.எம். ஆஸ்பத்திரி. ஒன்று 1949-ல், இன்னொன்று சரியாக இருபது வருஷம் கழித்து 1969-ல்.

கே.இ.எம். பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். பெயர் என்னவோ எட்வர்ட் மன்னருடையது. ஆனால் 1926-ல் அது திறக்கப்பட்டதன் பின்னால் இருந்தது சுதேசிக் கோபம். அரசாங்கக் கல்லூரிகளில் பெரிய பதவிகளை எல்லாம் வெள்ளைக்கார டாக்டர்கள் பிடித்து வைத்திருந்த காலம். சேட் கோர்தன்தாஸ் சுந்தர்தாஸ் குடும்பத்தின் பணத்தில் கல்லூரி கட்டியபோது போட்ட நிபந்தனை, இங்கே பாடம் நடத்துபவர்கள் எல்லோரும் இந்தியர்களாக இருக்கவேண்டும் என்பது. சுற்றிலும் துணி மில்கள். வந்த நோயாளிகளில் பெரும்பாலோர் மில் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பங்களும்.

அந்தக் காலத்தில் ரத்தக்கொதிப்புக்கு என்ன வைத்தியம் இருந்தது தெரியுமா? கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. 1945 ஏப்ரலில் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது அவர் பிரஷர் 300/190. உலகத்திலேயே பலம் பொருந்திய மனிதருக்கு, அவருடைய டாக்டர்களால் கொடுக்க முடிந்தது ஓய்வும் உப்புக் குறைப்பும் இன்னும் சில்லறை மருந்துகளும்தான். அதே 1940-களில் அமெரிக்காவில் கெம்ப்னர் என்ற டாக்டர் அரிசிச் சாப்பாட்டு வைத்தியம் ஒன்று நடத்திக்கொண்டிருந்தார். சோறும் பழமும், அவ்வளவுதான். பலருக்குப் பிரஷர் நன்றாகவே இறங்கியது. உடனே நம் ஆட்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம். அந்தச் சோற்றில் உப்பே கிடையாது; சாம்பார், அப்பளம், மோர் மிளகாய், ஆவக்காய் எதுவும் கிடையாது :-)

இந்த நிலைமையில்தான் ருஸ்தம் ஜல் வக்கீல் வருகிறார். 1911-ல் பிறந்த பம்பாய்ப் பார்சி, லண்டனில் படித்துவிட்டுத் திரும்பியவர். அவர் கையில் எடுத்தது சர்ப்பகந்தா வேர். நம் நாட்டு மருந்துக் கடைகளுக்குப் பழைய சரக்கு. பீகார் பக்கம் அதற்குப் பெயரே 'பைத்தியத்துக்கு மருந்து'. ஆட்டம் போடும் நோயாளியை அடக்கித் தூங்க வைக்க அதைக் கொடுப்பார்கள். 1931-ல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர் இந்த வேரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். சித்தப்பிரமைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் ஒரே மருந்து என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள். அதே வருஷம் டெல்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி அந்த வேரிலிருந்து சில ரசாயனங்களைப் பிரித்தெடுத்து, ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல் கானின் பெயரையே வைத்தார்.

அந்தத் தலைப்பில் நான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். மனசு கலங்கிப் போனவனுக்கும், வெளியே நன்றாக நடமாடிக்கொண்டு உள்ளே ரத்தக்குழாய் இறுகிப் போனவனுக்கும் ஒரே வேர் எப்படி வேலை செய்யும்? வைத்தியர்களுக்கு அது ஆச்சரியமாக இருந்திருக்காது. அவர்கள் மனசையும் உடம்பையும் இரண்டு பில் போட்டுத் தனித்தனியாக வசூலித்ததில்லை. ஆனால் மேல்நாட்டு மருத்துவத்துக்கு அது பெரிய புதிர்.

வக்கீல் செய்த பெரிய காரியம், அந்தப் புதிரை அவிழ்த்தது அல்ல. எண்ணி அளந்து எழுதியது. ரத்தக்கொதிப்பு உள்ள 50 நோயாளிகளுக்கு அந்த வேர் மாத்திரையைக் கொடுத்து, கைப்பட்டை கட்டிப் பிரஷர் பார்த்து, வாரக்கணக்கில் குறித்து வைத்து, 1949-ல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் வெளியிட்டார். பெரும்பாலோருக்குப் பிரஷர் இறங்கியிருந்தது. கட்டுரை பாஸ்டனில் டாக்டர் வில்கின்ஸ் கண்ணில் பட்டது. அவரும் கொடுத்துப் பார்த்தார். பிரஷர் இறங்கியதோடு இன்னொன்றையும் கவனித்தார்: நோயாளிகள் சாந்தமாகிவிட்டார்கள், பதற்றம் குறைந்துவிட்டது. 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி ஆட்கள் அந்த வேரிலிருந்து ரெசர்பைன் என்ற சரக்கைப் பிரித்தார்கள். நியூயார்க்கில் நேதன் கிளைன் அதை மனநல விடுதி நோயாளிகளுக்குக் கொடுத்து 1954-ல் எழுதினார். 1957-ல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது வக்கீலுக்குக் கிடைத்தது. அதே வருஷம் அதே விருதைப் பெற்றவர்களில் கிளைனும் ஒருவர். ஒருவருக்கு ரத்தக்கொதிப்புக்காக, இன்னொருவருக்கு மனநோய்க்காக. மருந்து ஒன்றுதான்.

வயதானவர்களுக்கு அடெல்ஃபேன் என்ற மாத்திரை ஞாபகம் இருக்கும். நம் தாத்தா காலத்துப் பிரஷர் மாத்திரை. அதற்குள் இருந்தது இந்த ரெசர்பைன்தான்.

பிற்பாடு புதிர் அவிழ்ந்தது. நம் நரம்பு முனைகளில் சின்னச் சின்னப் பைகள் இருக்கின்றன. அவற்றுக்குள் நாரட்ரினலின் மாதிரியான சரக்கு மூட்டை கட்டி வைக்கப்பட்டிருக்கும். பயமோ கோபமோ வந்தால் அந்த மூட்டை பிரியும், ரத்தக்குழாய் இறுகும், பிரஷர் ஏறும். ரெசர்பைன் அந்தப் பைகளில் சரக்கு ஏறவிடாமல் தடுத்துவிடுகிறது. கடையில் ஸ்டாக் இல்லை என்றால் எத்தனை ஆர்டர் வந்தாலும் டெலிவரி நடக்காதே, அந்த மாதிரி. மூளையிலும் இதே பைகள் இருப்பதால் அங்கேயும் அமைதி. 1957-ல் ஸ்வீடனின் கார்ல்சன் ரெசர்பைன் கொடுத்து அசையாமல் கிடந்த முயல்களை வைத்து டோபமினின் வேலையைக் காட்டினார். 2000-ல் நோபல் பரிசு வாங்கினார். பைத்தியத்துக்கு மருந்து என்று பீகார் கிராமத்தில் கொடுத்த வேர் எங்கேயெல்லாம் போயிருக்கிறது பாருங்கள்.

அந்தச் சாந்தத்துக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. 1950-களின் நடுவிலேயே, ரெசர்பைன் சாப்பிட்ட சில ரத்தக்கொதிப்பு நோயாளிகள் சோர்ந்து, அழுது, வாழ்க்கை வேண்டாம் என்கிற அளவுக்குப் போனதாக டாக்டர்கள் எழுத ஆரம்பித்தார்கள். அந்தத் தொடர்பு அப்போது நினைத்த அளவுக்கு உறுதியானது அல்ல என்று பிற்கால ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆனாலும் மனச்சோர்வை மூளை ரசாயனத்தோடு இணைத்துப் பார்க்கிற எண்ணமே பெரும்பாலும் இந்தக் கவனிப்பிலிருந்து வளர்ந்ததுதான். பிரஷரைப் பிடிக்கப் போன மருந்து மனசின் கதவைத் தட்டிவிட்டது.

பம்பாய்க்கே திரும்பி வருகிறேன். (வழியில் ஒரு சின்ன ஸ்டாப்: கோரேகாவில் 1963-ல் சீபா ஆராய்ச்சி மையம் திறந்தபோது அதன் இயக்குநராக வந்தவர் சென்னை பிரெசிடென்சி கல்லூரி முதல்வராக இருந்த டி.ஆர். கோவிந்தாச்சாரி. தாவர ரசாயனத்தில் பெரிய தலை. வேலைக்காகப் பம்பாய் வந்த நம்மவர்கள் பட்டியலில் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

இரண்டாவது கதை மருந்தே இல்லாதது. லோனாவ்லாவில் 1924-ல் சுவாமி குவலயானந்தா கைவல்யதாமம் தொடங்கினார். ஆசனம் செய்பவரின் உடம்பை எக்ஸ்ரே எடுப்பது, பிரஷர் பார்ப்பது என்று யோகத்தை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்த முதல் ஆட்களில் அவர் ஒருவர். 1936 முதல் மரைன் டிரைவிலும் அவர்களுக்கு ஒரு மையம் இருக்கிறது.

யோகிகள் இதயத்தையே நிறுத்திவிடுவார்கள் என்ற பேச்சு அப்போது உலகம் முழுக்க இருந்தது. 1935-ல் பிரான்ஸிலிருந்து தெரேஸ் ப்ரோஸ் என்ற பெண் டாக்டர் ஈ.சி.ஜி. கருவியைத் தூக்கிக்கொண்டு இந்தியா வந்தார். 1957-ல் அமெரிக்காவிலிருந்து வெங்கரும் பாக்சியும் வந்து, டெல்லி டாக்டர் ஆனந்தோடு சேர்ந்து ஊர் ஊராகப் போய் அளந்தார்கள். சென்னையில் அவர்கள் பார்த்தவர்களில் ஒருவர் யோகாசிரியர் கிருஷ்ணமாச்சாரியார். முடிவு 1961-ல் வெளிவந்தது. நாடி நின்ற மாதிரி இருக்கும், ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் கேட்காது. ஆனால் ஈ.சி.ஜி. கோடு ஓடிக்கொண்டே இருந்தது. மூச்சை அடக்கி நெஞ்சுக்குள் அழுத்தத்தைக் கூட்டினால் இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைகிறது, அதனால் நாடி கைக்குத் தட்டுப்படவில்லை, அவ்வளவுதான். எனக்கு இந்த முடிவு ரொம்பப் பிடிக்கும். யோகத்தைக் கேலி செய்யவும் இல்லை, கும்பிட்டு விழவும் இல்லை. என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள்.

கே.இ.எம்.மின் இருதய நோய்ப் பிரிவுத் தலைவர் டாக்டர் கே.கே. தாத்தே செய்ததும் அதே ரகம். ஆனால் அவருக்கு இதயத்தை நிறுத்துகிற வித்தையில் ஆர்வம் இல்லை. எல்லாராலும் செய்யக்கூடிய ஒரே ஆசனத்தை எடுத்துக்கொண்டார்: சவாசனம். பிணம் மாதிரிப் படுத்துக் கிடப்பது. ஹடயோகப் பிரதீபிகை காலத்திலிருந்தே இருக்கிற ஆசனம். கைவல்யதாமத்தைச் சேர்ந்த டாக்டர் வினேகர் உட்பட நான்கு பேர் பெயரில் 1969-ல் ஆஞ்சியாலஜி என்ற பத்திரிகையில் கட்டுரை வந்தது.

சொல்லிக்கொடுத்த முறை இது. மல்லாக்கப் படு. கை கால்களைச் சற்று அகட்டி வை. இமையைத் தளர விடு. மூச்சு வயிற்றிலிருந்து, மெதுவாக, ஒரே சீராக. பிறகு கவனத்தை மூக்கு நுனிக்குக் கொண்டு போ. உள்ளே போகும் காற்று குளிர்ச்சியாக இருக்கிறதா, வெளியே வரும் காற்று சூடாக இருக்கிறதா, அதை மட்டும் பார். கையும் காலும் கனத்துப் போவதை உணர். அரை மணி நேரம். இதைச் சரியாகப் பிடித்துக்கொள்ள நோயாளிகளுக்கு மூன்று வாரம் போல ஆனது. சும்மா படுக்க மூன்று வாரப் பயிற்சியா என்று சிரிக்காதீர்கள். கூர்லாவில் பிதுங்கும் லோக்கலில் ஏறி இறங்கி வந்தவனைப் படுக்க வைத்து மூக்கு நுனியைக் கவனி என்றால், அவன் மனசு மறுநாள் ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்திருக்கும்.

47 நோயாளிகள், மூன்று பிரிவுகள். மருந்தே சாப்பிடாதவர்களின் சராசரி ரத்த அழுத்தம் 134-லிருந்து 107 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு இறங்கியது. இந்த 'சராசரி' மேல் கீழ் இரண்டு எண்ணையும் கலந்து போடும் கணக்கு. நம் வழக்கமான பாஷையில் சொன்னால் 180/110 இருந்தவர் 140/90-க்கு வந்த மாதிரி. மருந்தால் பிரஷர் கட்டுக்குள் இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மருந்தின் அளவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைக்க முடிந்தது. மருந்துக்கே சரியாக அடங்காதவர்களில் சிலருக்குத்தான் அப்படிக் குறைக்க முடிந்தது, மற்றவர்களுக்கு இல்லை. இல்லை என்பதையும் எழுதினார்கள்.

முதல் கதையோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். வக்கீல் கொடுத்த வேர் நரம்பு முனையில் ஸ்டாக்கைக் காலி செய்தது. தாத்தேயின் பாய், ஆர்டர் போகிற இடத்திலேயே சந்தடியைக் குறைத்தது. நரம்புப் பாதை ஒன்றுதான், கை வைத்த இடம் வேறு.

குறையும் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, சவாசனம் செய்யாத இன்னொரு குழு தாத்தேயிடம் இல்லை. அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு வந்து டாக்டர் முகத்தைப் பார்த்ததாலேயே பலருக்குப் பிரஷர் இறங்கும். அதனால்தான் அடுத்த அடி முக்கியமானது. அதை எடுத்து வைத்தவர் லண்டனுக்குப் பக்கத்தில் கிராய்டனில் குடும்ப டாக்டராக இருந்த சந்திரா படேல், நம்மை மாதிரியே ஊரை விட்டுப் போனவர். 1973-ல் 20 நோயாளிகளோடு ஆரம்பித்தார். தோலின் ஈரத்தை வைத்துப் பதற்றத்தைச் சத்தமாகக் காட்டும் சின்னக் கருவி ஒன்றையும் சவாசனத்தோடு சேர்த்துக்கொண்டார். 1975-ல் 34 பேரைச் சீட்டுப் போட்ட மாதிரி இரண்டாகப் பிரித்தார். ஒரு குழுவுக்குப் பயிற்சி. இன்னொரு குழுவும் அதே எண்ணிக்கையில் வந்து, அதே நேரம் படுத்து ஓய்வெடுத்துவிட்டுப் போனார்கள், பயிற்சி மட்டும் இல்லை. பயிற்சி பெற்றவர்களுக்கு 168/100-லிருந்து 141/84. மற்றவர்களுக்கு 169/101-லிருந்து 160/96. லான்செட்டில் வந்தது. படுத்தால் மட்டும் போதாது, கவனிக்கவும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பது அதில் தெரிந்தது.

இனி, நம் அண்ணாச்சியின் பிடரி. 1985-ல் அமெரிக்காவில் பௌமன், லெவன்தால் என்ற இருவர் அதையே சோதித்தார்கள். இப்போது உன் பிரஷர் எவ்வளவு இருக்கும் என்று ஆட்களைச் சொல்லச் சொல்லி, உடனே கருவியில் அளந்தார்கள், பல நாள். சொன்ன எண் அவர்களுடைய தலைவலியோடும் மனநிலையோடும் ஒத்துப்போனது. உண்மையான பிரஷரோடு ஒத்துப்போகவில்லை. லெவன்தால் குழுவின் இன்னொரு ஆய்வில் நோயாளிகளிடம் கேட்டபோது, பிரஷர் ஏறுவது பொதுவாக யாருக்கும் தெரியாது என்று பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். அடுத்த கேள்விக்கு, ஆனால் எனக்குத் தெரியும் என்றார்கள். மாட்டுங்கா மாமா அங்கேயும் இருந்திருக்கிறார்!

பிடரிக் கனம் பொய் என்று நான் சொல்லவில்லை. அது உண்மையான சேதிதான். தூக்கம் போதவில்லை, கடன்காரன் நினைவு வருகிறது, பெண்ணுக்கு வரன் அமையவில்லை, இதில் ஏதோ ஒன்றை அது சொல்கிறது. அதைக் கேட்க வேண்டும். அரை மணி நேரம் பாயில் படுத்துக் கேட்டால் இன்னும் நல்லது. ஆனால் அது பிரஷரின் குரல் இல்லை. அந்தக் குரலை நம்பி, கனம் இல்லாத நாளில் மாத்திரையை விட்டவர்களில் இரண்டு பேரை எனக்கே தெரியும். ஒருவர் இப்போது வலது கையால் சாப்பிடுவதில்லை. இன்னொருவர் வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறார். இருவருமே, "யோகா பண்றேன், உடம்பு லேசா இருக்கு" என்று சொன்னவர்கள். லேசாக இருந்தது நிஜம்தான்.

பரேல் கட்டுரையைப் பற்றிப் பேசும்போது பலர் விட்டுவிடும் இடம் இதுதான். மருந்தைக் குறைத்தது நோயாளி இல்லை. அவர் பாயில் படுத்தார், மூக்கு நுனியைப் பார்த்தார், எழுந்தார். எழுந்தவரை எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு டாக்டர்கள் அனுப்பிவிடவில்லை. கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்து, பாதரசம் இறங்குவதைப் பார்த்து, எண்ணை எழுதிக்கொண்டு, பிறகுதான் மாத்திரையில் கை வைத்தார்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் வக்கீல் செய்ததும் அதைத்தான்.

அந்தப் பட்டை இப்போது மருந்துக் கடையிலேயே கிடைக்கிறது, பாதரசம் இல்லாமல், பேட்டரியில் ஓடுகிறது. போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அப்பாவுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்த பிறகு பார்க்கவேண்டும், காபி குடித்த கையோடு பார்க்கக்கூடாது, பேசிக்கொண்டே பார்க்கக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தாயிற்று. கடைசி நிபந்தனைதான் அவருக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போனில் "எப்படிப்பா இருக்கீங்க" என்று நான் இப்போதெல்லாம் கேட்பதில்லை. "எவ்வளவுப்பா வந்துச்சு?" என்றுதான் கேட்கிறேன். போன வாரம் 146/88. டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன்.